ஜிலேபி பெருகிய குட்டைக்கு வாளையா, விராலா, கொடுவாவா?

கட்லா, ரோகு, மிர்கால் விட்டு வளர்க்கும் பண்ணைக் குட்டையில் இரண்டாம் ஆண்டு இழுவலை போடும்போது, வலை மடியில் துள்ளுவதில் பாதிக்கு மேல் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஜிலேபிக் கெண்டைகளாகவே இருப்பதைக் கண்டு மலைத்தவர்கள் தமிழ்நாட்டில் பலர். அவற்றை விலை கொடுத்து வாங்கி விட்டதாக யாருக்கும் நினைவிருக்காது. வாய்க்கால் நீரோடு வந்திருக்கும், அல்லது கெண்டைக் குஞ்சுகளோடு கலந்து வந்து சேர்ந்திருக்கும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன், இரண்டு மூன்று மாத வயதிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாத்து, பொரித்த குஞ்சுகளையும் சில நாள் வாய்க்குள் வைத்துக் காப்பதால் குஞ்சுகளில் பெரும்பகுதி பிழைத்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீரில் ஏறக்குறைய மாதம் ஒரு ஈடு என்று இது தொடர்ந்துகொண்டே இருக்கும். கெண்டைக்குப் போட்ட தவிட்டையும் புண்ணாக்கையும் இந்தச் சிறு மீன்களே தின்று தீர்க்க, கெண்டைகள் எடை ஏறாமல் நிற்கும். ஜிலேபிகளும் நெரிசலில் வளராமல், விற்க முடியாத அளவிலேயே தங்கிவிடும்.

இந்த நிலையில் பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு, ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்னும் வேட்டை மீன் ஒன்றை உள்ளே விடுவது. தீர்வு சரியானதே. ஆனால் எந்த மீனை விடுவது என்பதில்தான் தவறு நேர்கிறது. பெரும்பாலானவர்கள் மீனின் வாயைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது குட்டையை. கோடையில் அங்கே எத்தனை அடி நீர் நிற்கும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவா, பருவ முடிவில் குட்டையை முழுவதும் வடிக்க முடியுமா, விடப்போகும் குஞ்சு எங்கிருந்து வருகிறது என்பவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் தானே அமைந்துவிடும். நம் ஆற்றிலும் ஏரியிலும் கழிமுகத்திலும் வாழும் வாளை, விரால், கொடுவா, சொட்டைவாளை ஆகிய நான்கையும் அந்தக் கண்ணோட்டத்திலேயே இங்கு ஒப்பிடுகிறேன். நான்கில் வாளையே எனக்கு மிகவும் பிடித்த மீன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அப்படியிருந்தும் அதைக் குட்டையில் விடக்கூடாது என்றுதான் இந்தக் கட்டுரையில் வாதிடப் போகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கடற்கரை ஊர்களில் வாளை என்றால் வெள்ளி நாடாவைப் போல நீண்டு மின்னும் கடல்மீன். அதற்கும் ஆற்று வாளைக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. நான் சொல்வது செதிலில்லாத, மீசையுள்ள, கெளுத்திகளுக்கு உறவான ஆற்று மீன். வல்லாகோ அட்டு என்ற அதன் அறிவியல் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தால் நம்முடைய வாளையும் ஆத்தும் அதற்குள் ஒலிப்பது கேட்கும். பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, வங்கதேசம் தொடங்கி மீகாங் ஆறு பாயும் நாடுகள் வரை இது பரவியிருக்கிறது. மருத நிலத்தைப் பாடிய பழம்புலவர்கள் வயலையும் பொய்கையையும் சொல்லவரும்போது ஓயாமல் அழைத்துக்கொண்ட மீன்கள் வாளையும் வரால் என்ற விராலும்தான். இன்றைக்கு நாம் ஒப்பிடும் இரண்டும் அப்போதே ஒரே நீரில் வாழ்ந்தவை.

வாளையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் அதன் மேல் ஆசை வருவது ஏன் என்று புரியும். மேட்டூருக்குக் கீழே, காவிரியில் பரிசலில் வலை போடும் ஒருவர் மூன்று கிலோ இருக்கக்கூடிய வாளை ஒன்றைப் பரிசலின் விளிம்பில் கிடத்தி எனக்குக் காட்டினார். தலை தட்டையாக அழுத்தப்பட்டிருந்தது. உடலின் பக்கங்கள் அதற்கு மாறாகப் பட்டையாக இருந்தன. முதுகுத் துடுப்பு ஒரு புளிய இணுக்கு அளவுதான் இருந்தது. அடிவயிற்றுத் துடுப்போ உடலில் பாதிக்கு மேல் ஓடி, வாலை நெருங்கும் வரை ஒரே சீலையாகத் தொங்கியது. மேல்தாடை மீசை இரண்டும் அந்தத் துடுப்பின் தொடக்கத்தையும் தாண்டி நீண்டிருந்தன. அவர் கட்டை விரலால் கீழ்த்தாடையைத் தள்ளியதும் வாய் கண்ணுக்கும் பின்னால் வரை பிளந்தது. உள்ளே கோரைப் பல் எதுவும் இல்லை. அரத்தின் பரப்பைப் போல நெருக்கமாக அமைந்து, எல்லாமே தொண்டையை நோக்கிச் சாய்ந்திருந்த சிறு பற்களின் பட்டைகள்தான் இருந்தன. உள்ளே தள்ளினால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், வெளியே இழுத்தால் தோல் உரியும் என்று அவர் சொன்னார். பிடிபட்ட இரை தப்பாமல் இருப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

பகலில் ஆழமான மடுவில், மெதுவாக நகரும் நீரின் அடியில் கிடந்து, பொழுது சாய்ந்ததும் மேலேறி மீன், இறால், தவளை என்று கிடைத்ததையெல்லாம் வேட்டையாடும் இந்த மீனுக்கு ஜிலேபிக் குஞ்சுகள் ஒரு பொருட்டே இல்லை. முள் குறைந்த, கொழுப்புள்ள சதைக்காக நல்ல விலையும் போகிறது. இரண்டு மீட்டருக்கு மேல் நீளமும் நாற்பது கிலோவுக்கு மேல் எடையும் உள்ள வாளைகள் பதிவாகியுள்ளன. நாம் பொதுவாகப் பார்ப்பவை மூன்றடிக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சிறப்பிருந்தும் குட்டைக்கு அது பொருந்தாது என்று நான் சொல்வதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, அதன் மூச்சு. விராலைப் போல மேலே வந்து காற்றை விழுங்கும் வசதி வாளைக்கு இல்லை. நீரில் கரைந்த உயிர்வளியை மட்டுமே நம்பி வாழ்கிறது. உரமும் தீவனமும் போட்டுப் பச்சையேறிய குட்டையில், பாசிகள் இரவு முழுவதும் உயிர்வளியை உறிஞ்சிவிட, விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் மிகக் கடினமான நேரம். ஓடும் நீருக்கும் ஆழமான மடுவுக்கும் பழகிய மீனை நான்கடி நீரில் அந்த வேளைக்கு ஒப்படைப்பது அதைச் சாகவிடுவதற்குச் சமம். நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடும் குட்டையில் இந்தக் குறை நீங்கலாம். ஆனால் மற்றக் காரணங்கள் நீங்கா.

இரண்டாவது, அதன் வாயின் அளவு. குஞ்சைத் தின்பதற்காக விட்ட மீன் குஞ்சோடு நின்றுகொண்டால் நல்லது, வாளை நிற்பதில்லை. அது வளர வளர இரையின் அளவும் வளர்கிறது. ஜிலேபிக் குஞ்சில் தொடங்கியது அரைக்கிலோ ரோகுவுக்கு வந்துவிடும். நீர்த்தேக்கங்களில் கெண்டைக் குஞ்சு விடும்போது நான்கு அங்குலத்துக்குக் குறையாத குஞ்சாகப் பார்த்து விடச் சொல்வதற்கே வாளை போன்ற மீன்கள்தான் முக்கியக் காரணம். நீர்த்தேக்கத்தின் பரப்பில் அந்த இழப்பைத் தாங்கலாம். அரை ஏக்கர் குட்டையில் எண்ணி விட்ட ஆயிரம் கெண்டைகளில் வாளைகள் பங்கு கேட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, அது தன் இனத்தையே தின்பது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்தே தெரிந்துகொண்டேன். ஒரு முறை, வாய்க்காலில் பிடித்ததாகச் சொல்லி ஒருவர் விற்ற வாளைக் குஞ்சுகள் அறுபதை வாங்கி, மறுநாள் குட்டையில் விடலாம் என்று சிமெண்டுத் தொட்டியில் வைத்திருந்தேன். எல்லாம் ஒரு விரல் நீளம். அளவில் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு குஞ்சின் வாயிலிருந்து இன்னொன்றின் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விழுங்கிய மீனுக்கும் நீந்த முடியவில்லை, விழுங்கப்பட்டதற்கும் அசைவில்லை. எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்றுதான் மிஞ்சியிருந்தன, அவற்றிலும் பல வாலில் கடிபட்டவை. சினைப்படுத்தும் ஊசி போட்டு வாளையை முட்டையிட வைப்பது இந்தியாவில் கைவந்த முறைதான். ஆனாலும் வாளைக் குஞ்சு கெண்டைக் குஞ்சைப் போலப் பண்ணைகளில் தாராளமாகக் கிடைக்காததற்கு, பொரித்த சில நாள்களிலேயே தொடங்கிவிடும் இந்தத் தின்னும் பழக்கமே பெரிய காரணம்.

அதிலிருந்தே என்னை மிகவும் உறுத்தும் காரணமும் வருகிறது. பண்ணையில் கிடைக்காத குஞ்சு ஆற்றிலிருந்துதான் வரவேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வாளையை அழிவாய்ப்புக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. புதுவெள்ளம் வரும்போது சினையோடு எதிரேறி, வெள்ளம் பரவிய ஆழமற்ற இடங்களில் முட்டையிடும் மீன் அது. வழியில் அணையும் தடுப்பணையும் எழும்பிவிட்டன. மணல் அள்ளிய ஆற்றில் மடுக்கள் உருக்குலைந்துவிட்டன. ஏறிவரும் சினை மீனையே குறிவைத்து வலை கட்டுகிறோம். முட்டையையோ குஞ்சையோ காக்கும் பழக்கமும் அதற்கு இல்லாததால், தப்பிப் பிழைத்த குஞ்சு ஒவ்வொன்றும் ஆற்றுக்கு அரிய முதல். அதை அறுபது அறுபதாக வாரிக்கொண்டுவந்து, பாதி தொட்டியிலேயே சாக, மீதி குட்டையில் மூச்சுத் திணற விடுவதற்கு நம்மிடம் நியாயம் எதுவும் இல்லை. நான் வாங்கிய அந்த அறுபதும் அப்படி வந்தவைதான் என்பதை அறிந்த நாளிலிருந்து வாளைக் குஞ்சு விற்பவரிடம் நான் போகவில்லை.

விராலின் நிலை ஏறக்குறைய இதற்கு எதிரானது. வாளைக்குக் குட்டை சிறையென்றால் விராலுக்கு அது பிறந்த வீடு. வயல், வாய்க்கால், கண்மாய், குளம் என்று தேங்கிய நீர் எதுவாக இருந்தாலும் அதற்குப் போதும். செவுளுக்கு மேலே உள்ள அறையொன்றில் காற்றை வாங்கி மூச்சுவிடுவதால் நீரில் உயிர்வளி இல்லாவிட்டாலும் அது வாழும். சொல்லப்போனால் அதற்கு மேற்காற்று வேண்டியே ஆகவேண்டும். மேலே வரமுடியாதபடி நீருக்கடியில் செவுள் வலையில் சிக்கிய விரால் மூச்சுமுட்டிச் செத்துக்கிடப்பதை வலைக்காரர்கள் அறிவார்கள். குட்டை வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புகுந்து கிடக்கும். மழை பெய்தால் வரப்பைத் தாண்டி ஊர்ந்து அடுத்த நீர்நிலையைத் தேடும். மீன்தொட்டியில் காட்சிக்கு வைக்கும் மீனாக இதைப் பார்ப்பவர்களுக்கு இந்த வலிமை ஒரு வியப்பு. குட்டைக்காரருக்கோ இதுவே பலமும் தொல்லையும்.

ஜிலேபிக் குஞ்சைக் கட்டுப்படுத்துவதில் விரால் நன்றாகவே வேலை செய்கிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் ஜிலேபிக் குளங்களில் விராலைச் சேர்த்து விடுவது நெடுநாளைய வழக்கம். அதற்குக் காரணம், இரண்டும் புழங்கும் இடம் ஒன்றாக இருப்பதே. ஜிலேபிக் குஞ்சுகள் தாயின் வாயை விட்டு வந்ததும் திரள்வது கரையோரத்து ஆழமற்ற நீரில். விரால் பதுங்கிக் கிடப்பதும் கரையோரத்துக் கோரையிலும் ஆகாயத் தாமரையின் நிழலிலும்தான். நடுக்குட்டையில் மேயும் கட்லாவின் பக்கம் அது அதிகம் போவதில்லை. வாளையைவிட அதன் வாயும் சிறியது. ஒரு கிலோ விரால் கால்கிலோ கெண்டையைத் துரத்திக் களைப்பதைவிட விரல் நீளக் குஞ்சுகளை வாரித் தின்பதையே விரும்பும்.

இன்னொன்றையும் சொல்லாமல் மேலே போக மனமில்லை. விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நீர்ச்செடிகளுக்கு நடுவே வட்டமாக இடம் ஒதுக்கி, அதில் மிதக்கும் பொன்னிற முட்டைகளைத் தாயும் தந்தையும் காக்கின்றன. ஒன்றிரண்டு நாளில் பொரித்த குஞ்சுகள் சில வாரங்கள் வரை செங்காவி நிறத்தில் ஒரே திரளாக நகரும். அசையாமல் கரையில் உட்கார்ந்திருந்தால், கைகளால் ஏந்திக்கொள்ளும் அளவுள்ள செந்நிறக் குமிழி ஒன்று நீரின் மேற்பரப்பில் கொப்பளித்து, தூறல் விழுவதுபோலச் சலசலத்து, மீண்டும் கீழே இறங்குவதைக் காணலாம். குஞ்சுகள் காற்று வாங்க வந்து போகும் சலசலப்பு அது. அதற்குச் சற்றுக் கீழே, இருண்ட மரக்கட்டைபோல ஒரு நிழல் நிற்கும். அந்த வேளையில் தவளை வடிவ ரப்பர் இரையைக் குறுக்கே இழுத்தால் அது பசியால் வருவதில்லை, குஞ்சைக் காக்கத்தான் பாய்கிறது. அப்படித் தூண்டிலில் தாயைப் பிடித்தால் அந்தத் திரள் முழுவதையும் அதே ஜிலேபிகளும் கெளுத்திகளும் ஒரு பொழுதில் முடித்துவிடும். குஞ்சு காக்கும் விராலைப் பிடிக்காமல் விடும் கட்டுப்பாடு குட்டைக்காரருக்கும் தூண்டில்காரருக்கும் ஒன்றுபோல வேண்டும்.

விராலின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. மழைக்காலத்தில் அது தப்பி ஓடும். கரையைச் சுற்றி மூன்றடி உயரத்துக்காவது வலை கட்டி, அடிப்பக்கத்தை மண்ணில் புதைக்காவிட்டால் ஒரே இரவில் பாதி போய்விடும். இழுவலைக்கு அது எளிதில் வராது. வலை நெருங்கும்போது சேற்றில் தலையைச் செருகிக்கொள்ள, வலை மேலாகக் கடந்து போகும். ஆகவே முழு அறுவடைக்குக் குட்டையை வடித்தே ஆகவேண்டும். வடித்த பிறகும் சேற்றில் மிஞ்சிய நான்கைந்து விரால், அடுத்த ஆண்டு நாம் விடும் கெண்டைக் குஞ்சுகளுக்கு எமனாகும். அதனால்தான் குஞ்சு விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, நின்ற நீரில் ஹெக்டேருக்கு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு, 2,500 கிலோ என்ற கணக்கில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைக்கும் வழக்கம் வந்தது. அதிலுள்ள நஞ்சு மீனைக் கொன்றபின் தானே சிதைந்து குட்டைக்கு உரமாகிவிடும். முழுவதும் காயவிட்டு, சேறு வெடிக்கும்வரை விடக்கூடிய குட்டைக்கு அந்தச் செலவும் தேவையில்லை.

விராலை அதிகம் வாட்டும் நோய் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் குளிரும் மாதங்களில் உடலில் சிவந்த புள்ளிகள் தோன்றி, அவை குழிப்புண்ணாகி, மீன் சோர்ந்து மேற்பரப்பில் மிதக்கும். பூஞ்சை போன்ற ஓர் உயிரியால் வரும் இந்தப் புண் நோய் 1988இல் இந்தியாவுக்குள் நுழைந்தபோது அதிக அடிபட்டவற்றில் விரால் இனங்களும் அடங்கும். ஜிலேபிக்கு அந்த நோய் பெரும்பாலும் வருவதில்லை. மழை தொடங்குவதற்கு முன்பே சுண்ணாம்பு இட்டு வைப்பதும், வெளிவாய்க்கால் நீரை அந்த மாதங்களில் நேரடியாக உள்ளே விடாமல் இருப்பதும் நம்மால் செய்யக்கூடியவை.

விராலின் பெரிய உறவான, வாலடியில் கண்போன்ற புள்ளியுள்ள பூவிராலைக் குட்டையில் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒரு மீட்டருக்கும் மேல் வளரும் மீன். வாளையைப் பற்றிச் சொன்ன வாயளவுக் காரணமே அதற்கும் பொருந்துவதால் ஏரிக்கும் நீர்த்தேக்கத்துக்கும் விட்டுவிடலாம்.

கொடுவா முழு ஆற்று மீன் இல்லை. கழிமுகத்திலும் கடலிலும் முட்டையிட்டு, ஆற்றிலும் உப்பங்கழியிலும் வளரும் மீன் அது. அதனால் நன்னீருக்குப் படிப்படியாகப் பழக்கினால் குட்டையில் நன்றாகவே வளர்கிறது. இதன் முதல் சிறப்பு, குஞ்சு ஆற்றிலிருந்து வரவேண்டியதில்லை என்பது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. சீர்காழிப் பக்கம் இயங்கும் ராஜீவ்காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையமும் பொரிப்பகக் குஞ்சுகளைப் பல ஆண்டுகளாகத் தந்துவருகிறது. அடுத்த சிறப்பு, நன்னீரில் அது இனப்பெருக்கம் செய்யாது என்பது. விட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. ஒன்றிரண்டு தப்பி ஏரிக்குப் போனாலும் அங்கே பெருகாது. ஆண்டு முடிவில் வலைக்கும் நன்றாக வரும். விலையிலும் குறை இல்லை.

கொடுவாவுக்கு வேண்டியது நல்ல நீர். காற்றைக் குடித்து மூச்சுவிடும் வசதி இதற்கும் இல்லாததால், மின்சாரம் நம்பகமாகக் கிடைத்து ஏரேட்டர் ஓடும் குட்டையில் மட்டுமே துணிந்து விடலாம். சிறு வயதில் இதுவும் தன்னினம் தின்னிதான். தன் நீளத்தில் பாதிக்கும் மேற்பட்ட இரையைக்கூட விழுங்கிவிடும். ஆகவே நாற்றங்கால் தொட்டியில் சில நாளுக்கொருமுறை அளவு வாரியாகத் தரம் பிரித்து வளர்த்த, நான்கு அங்குலத்துக்குக் குறையாத, ஒரே அளவுள்ள குஞ்சாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த வேலையை விற்பவர் செய்திருக்கிறாரா என்று அறிய ஒரே வழி, குஞ்சுகளை வெள்ளை வாளியில் அள்ளிப் பார்ப்பது. ஒன்றுக்கு மற்றொன்று இருமடங்கு இருந்தால் வாங்காமல் திரும்புவதே நல்லது. வாளையில் நான் பட்டது கொடுவாவில் யாருக்கும் நேர வேண்டியதில்லை.

சொட்டைவாளையைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. கத்தி அலகைப் போல மெலிந்து வளைந்த அழகான மீன். பூச்சியும் சிறு இறாலும் குஞ்சுமீனும் தின்னும். ஆனால் ஓர் அடிக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடும் மீனால், மாதந்தோறும் குஞ்சு பெருக்கும் ஜிலேபிக்கு ஈடுகொடுக்க முடியாது; முள்ளும் மிகுதி. குட்டைக்குத் தானாக வந்தால் இருக்கட்டும். அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

இவை எதையும் விடாமல், விரைவில் வளரும், எதையும் தின்னும் என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் அதை வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் அது தப்பிப் போய் நம் வாளைக்கும் விராலுக்கும் எஞ்சியிருக்கும் நீரையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கக்கூடாது.

இனி முடிவுக்கு வரலாம். மானாவாரிப் பகுதியில், மழைநீரை நம்பி வெட்டப்பட்டு, பங்குனி சித்திரையில் இரண்டடிக்கு இறங்கிவிடும் குட்டைக்கு விரால் ஒன்றே பொருத்தமானது. மின்சாரமும் ஆழ்குழாய்க் கிணறும் உள்ள, ஆண்டு முழுவதும் ஐந்தடி நீர் நிற்கும், ஆனால் முழுவதும் வடிக்க வழியில்லாத குட்டையென்றால் கொடுவாவை எடுப்பேன். அங்கே விராலை விட்டால் அதை வெளியேற்ற வழியிருக்காது. குறையாத நீரும் மின்சாரமும், முழுவதும் வடிக்கும் வழியும் சேர்ந்தே உள்ள குட்டைக்காரர் தன் உழைப்பைப் பார்த்து முடிவெடுக்கலாம். கரைவலை கட்டிக் காவல் இருக்க ஆளிருந்தால் விரால், அதற்கு ஆளில்லாவிட்டால் கொடுவா. ஒருவேளை ஜிலேபி அளவுகடந்து பெருகி, வலையில் கெண்டையே காணாத நிலை வந்துவிட்டதென்றால் எந்த வேட்டை மீனும் அதைச் சரிசெய்யாது. வடித்துக் காயவிட்டு, மடைவாயில் நெருக்கமான கண்ணுள்ள வலைத்தடுப்பு வைத்துப் புதிதாகத் தொடங்குவதே குறைந்த செலவு.

விரால் விடும் முறையை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான இடத்தில் தேர்வு அதுவாகத்தான் இருக்கும். கெண்டைகளை முதலில் விட்டு, அவை ஒவ்வொன்றும் குறைந்தது நூறு கிராமைக் கடந்த பிறகே விராலை இறக்க வேண்டும். அதற்குள் ஜிலேபிகள் ஓரிரு ஈடு குஞ்சு பொரித்திருக்கும், விராலுக்கு முதல் நாளிலிருந்தே இரை இருக்கும். குஞ்சு நான்கு அங்குல அளவில், பண்ணையில் பொரித்ததாக இருக்கட்டும். ஏக்கருக்கு நூறு முதல் இருநூறுக்குள் நிறுத்திக்கொள்வது என் வழக்கம். கூடுதலாக விட்டால் இரை தீர்ந்ததும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும், குறைவாக விட்டால் ஜிலேபி முந்திக்கொள்ளும். கரையோரத்தில் ஒரு பக்கமாவது கோரையோ நீர்ச்செடியோ இருக்க விடுங்கள்; வெறுங்கரையாகச் செதுக்கிய குட்டையில் விரால் பதுங்க இடமில்லாமல் நடுநீருக்குப் போய்விடும். மாலை நேரத்தில், நீர் ஆறிய பிறகு, பையை அரைமணி நேரம் குட்டை நீரில் மிதக்கவிட்டு, மெதுவாக வாய் திறந்து விட வேண்டும். எட்டிலிருந்து பத்து மாதத்தில் முக்கால் கிலோவை எட்டும். உயிரோடு விற்றால்தான் உரிய விலை கிடைக்கும் என்பதால் வடிக்கும் நாளுக்கு முன்பே வாங்குபவரைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வடிக்கும் அன்று, சேற்றோரத்தில் நீண்ட மீசையும் வாலை நெருங்கும் வரை ஓடும் அடித்துடுப்புமாக ஒரு வாளை கிடைத்தால், அது வாய்க்கால் நீரோடு தானாக வந்ததாகத்தான் இருக்கும். கத்தியைத் தேடாமல் ஈரச் சாக்கொன்றை நீரில் நனைத்து அதில் சுற்றி, பெரிய பாத்திரத்தில் நீரோடு வைத்து, வந்த வாய்க்கால் எந்த ஆற்றில் பிரிகிறதோ அந்த ஆற்றின் ஆழமான மடுவில் அன்று மாலையே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். கையை மட்டும் வாய்க்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.